இழுப்பு இல்லாத நாளில்தான் வைத்தியம்!

நடுநிசி. ஊர் அடங்கிவிட்டது. ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது.

ஐந்து வயதுப் பையன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். மூச்சு விடும்போது விசில் ஊதுவதுபோல் சத்தம் வருகிறது. விலாவுக்கு இடையே சதை உள்ளே இழுக்கிறது. தாய் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். தகப்பன் ஆட்டோ தேடி ஓடுகிறார். பாட்டி மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தின் முன் வைக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள். பையன் தேறிவிட்டான். வீட்டுக்கு வந்த நான்காம் நாள், தெருவில் பந்து விளையாடுகிறான்.

டாக்டர் தினமும் கொடுக்கச் சொன்ன மருந்து அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. "பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான்? இனி எதற்கு மருந்து?" என்கிறார்கள்.

இரண்டு மாதம் கழிகிறது. மறுபடியும் நடுநிசி. மறுபடியும் விளக்கு. மறுபடியும் ஆட்டோ.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பல வீடுகளின் கதை. இதில் தவறு எப்போது நடந்தது? இழுப்பு வந்த இரவில் அல்ல. பையன் பந்து விளையாடிய பகலில்!

மழை பெய்யும்போது கூரை வேய முடியாது. வெயில் அடிக்கும்போதே வேய்ந்துவிட வேண்டும். ஆஸ்துமா வைத்தியமும் அப்படித்தான். இழுப்பு இல்லாத நாளில்தான் அது நடக்க வேண்டும்.

"வீசிங்" வேறு, ஆஸ்துமா வேறா?

"என் பிள்ளைக்கு வீசிங்தான். ஆஸ்துமா இல்லை" என்று சொல்லுகிற பெற்றோர் பலர். ஆஸ்துமா என்ற பெயரைக் கேட்டாலே அவர்களுக்குப் பயம்.

வீசிங் என்பது சத்தத்தின் பெயர். குறுகிப்போன குழாய் வழியாகக் காற்று போகும்போது அந்தச் சத்தம் எழுகிறது. சளிக் காய்ச்சல் வரும்போது மட்டும் அப்படி இழுக்கும் சிறு பிள்ளைகள் உண்டு. அவர்களில் பலருக்கு வளர வளர அது நின்றுவிடும். திரும்பத் திரும்ப வந்தால், இரவில் இருமல் எழுப்பினால், ஓடி விளையாடும்போது இரைத்தால், அது ஆஸ்துமாவாக இருக்கலாம். டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாயில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. குழாயின் உட்சுவர் வீங்குகிறது. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உள்ளே சளி சேருகிறது. மூன்றும் சேர்ந்து வழியை அடைக்கின்றன.

முக்கியமான செய்தி இதுதான்: பிள்ளை விளையாடிக்கொண்டு இருக்கும் நாளிலும், உள்ளே அந்த வீக்கம் கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கலாம். வெளியே தெரியாது. அடுப்பின் சாம்பலுக்கு அடியில் நெருப்புக் கங்கு இருப்பதுபோல் இருக்கும். ஒரு சளி பிடித்தால் போதும், கொஞ்சம் புகை பட்டால் போதும், குப்பென்று பற்றிக்கொள்ளும்.

இது தொற்று நோய் அல்ல. பக்கத்தில் உட்காருவதால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது.

இரண்டு மருந்து, இரண்டு வேலை

ஆஸ்துமாவுக்கு இரண்டு வகை மருந்துகள் உண்டு. இரண்டின் வேலையும் வேறு. இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஒன்று, உடனே மூச்சைத் திறக்கும் மருந்து. சால்பூட்டமால் என்பது அதன் பெயர். பெரும்பாலும் நீல நிறக் குப்பியில் வரும். இறுகிய தசையைத் தளர்த்திவிடும். சில நிமிடத்தில் பலன் தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் வீக்கத்தை அது ஆற்றாது.

மற்றொன்று, வீக்கத்தை ஆற்றும் மருந்து. பூடசொனைடு, பெக்ளோமெத்தசோன், புளூட்டிகசோன் ஆகியவை இந்த வகை. இவற்றைத் தடுப்பு மருந்து என்று சொல்லலாம். இழுத்த உடனே எந்த மாற்றமும் தெரியாது. தினமும் எடுத்துவந்தால், நாள் ஆக ஆகப் பலன் தெரியும். அலமாரியின் மேல்தட்டுக்குப் போவது பெரும்பாலும் இந்த மருந்துதான்!

இழுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தினசரி மருந்து தேவைப்படாது. யாருக்குத் தேவை, எவ்வளவு நாள் தேவை என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். அவர் கொடுக்கச் சொன்னால், நிறுத்துவதையும் அவர்தான் சொல்ல வேண்டும். பிள்ளை பல மாதம் நன்றாக இருந்தால், அவரே அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்.

கம்பெனிக்குக் கம்பெனி குப்பியின் நிறம் மாறும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. "இது தினமும் போடுவது", "இது இழுப்பு வந்தால் போடுவது" என்று குப்பியின் மேல் காகிதம் ஒட்டி எழுதி வைத்துவிட்டால், பாட்டிகூடத் தவறாமல் எடுத்துக் கொடுப்பாள்.

"பம்ப் பழகிவிடுமாமே?"

இன்ஹேலர் என்ற மூச்சு மருந்துக் குப்பியைப் பார்த்தாலே பல வீடுகளில் பேச்சு எழும். "ஐயோ, பம்ப் வைத்துவிட்டார்களா? அது பழகிவிடுமே! வாழ்நாள் முழுவதும் விட முடியாதே!" என்பார்கள்.

இது தவறான எண்ணம். மது, புகையிலை போல இந்த மருந்து ஆளை அடிமை ஆக்குவது இல்லை. மருந்தை நிறுத்தினால் இழுப்பு திரும்பி வருகிறது என்றால், நோய் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்குகிறது. அதற்காகக் கண்ணாடி பழகிவிட்டது என்று யாராவது குறை சொல்லுகிறார்களா?

"பம்ப் கடுமையான மருந்து, டானிக் கொடுத்தால் போதாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 மில்லி கிராம் மருந்து இருக்கும். டானிக் என்றால் ஒரு தேக்கரண்டியில் அதே அளவு. இன்ஹேலரை ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்ரோ கிராம். அதாவது, ஒரு மாத்திரையில் இருப்பது 20 அழுத்து மருந்து! மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுவதும் சுற்றிய பிறகே நெஞ்சுக்கு வருகிறது. இன்ஹேலர் மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. அதனால் கொஞ்சம் மருந்தே போதும். கை நடுக்கமும் படபடப்பும் குறைவு.

தடுப்பு மருந்தில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. அதில் இருப்பது ஸ்டீராய்டு வகை மருந்து. சில பிள்ளைகளின் உயரம் ஒரு சென்டி மீட்டர் அளவுக்குக் குறையலாம். வாயில் வெள்ளை படரலாம். மருந்து எடுத்தவுடன் வாய் கொப்பளித்துத் துப்பினால் அது பெரும்பாலும் வராது. மாதம்தோறும் இழுத்துக்கொண்டு, உறக்கம் இல்லாமல், பள்ளிக்கூடம் போகாமல் இருக்கும் பிள்ளைக்கு ஏற்படும் கேடு இதைவிடப் பல மடங்கு பெரியது. பயம் இருந்தால் டாக்டரிடம் மனம் விட்டுக் கேட்கலாம். தானாக நிறுத்துவதுதான் கூடாது.

ஒரு சிறுமி கேட்ட கேள்வி

இன்ஹேலர் பிறந்த கதையே ஒரு குழந்தையின் கதைதான்.

1955-ம் ஆண்டு. அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனியின் தலைவராக ஜார்ஜ் மெய்சன் இருந்தார். அவருடைய மகளுக்கு வயது 13. ஆஸ்துமாவால் அவதிப்பட்டாள். அந்தக் காலத்தில் ரப்பர்ப் பந்து பொருத்திய கண்ணாடிக் கருவியைக் கையால் அழுத்தி மருந்தை இழுக்க வேண்டும். கண்ணாடி எளிதில் உடைந்துவிடும். மருந்தின் அளவும் சரியாக வராது.

"தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே போல என் மருந்தையும் டப்பாவில் அடைத்துத் தரக்கூடாதா?" என்று மகள் கேட்டாள்.

தந்தை அதைப் பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிடவில்லை. தன் ஆட்களிடம் சொன்னார். வேலை தொடங்கியது. 1956-ம் ஆண்டிலேயே, ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரே அளவு மருந்து வரும் குப்பி விற்பனைக்கு வந்துவிட்டது. இன்று உலகம் முழுவதும் சட்டைப்பையில் இருக்கும் குப்பி அதன் வழியில் வந்ததுதான்.

மருந்து வாயில் நின்றுவிடுகிறதா?

மருந்து வாங்கினால் மட்டும் போதாது. அது நெஞ்சுக்குப் போய்ச் சேர வேண்டும். வாயில் நேரே அடித்தால், பாதிக்கு மேல் நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். "மருந்து போட்டும் கேட்கவில்லையே" என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்காகத்தான் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவை இருக்கிறது. குப்பியை நன்றாகக் குலுக்கி, குடுவையின் ஒரு முனையில் செருக வேண்டும். மறு முனையைப் பிள்ளை வாயில் வைத்துக்கொள்ளும். மிகச் சிறிய பிள்ளை என்றால், வாயையும் மூக்கையும் மூடும் முகமூடி பொருத்த வேண்டும். ஒரு தடவை அழுத்திவிட்டு, ஐந்தாறு மூச்சு சாதாரணமாக இழுக்க விட வேண்டும். அரை நிமிடம் கழித்து அடுத்த தடவை. இரண்டு தடவையைச் சேர்த்து அழுத்தக்கூடாது.

குடுவையைச் சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காற்றில் உலர விட வேண்டும். துணியால் துடைத்தால் மருந்து குடுவையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

குடுவை வாங்க முடியாத ஏழைகள் என்ன செய்வது? தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகர டாக்டர்கள் இதற்கு வழி தேடினார்கள். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில், குப்பியின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, இடைவெளி இல்லாமல் ஒட்டி அடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடையில் வாங்கும் குடுவையைப் போலவே அதுவும் மூச்சைத் திறந்தது. இந்த ஆராய்ச்சி 1999-ம் ஆண்டு வெளிவந்தது. ஆனால் சும்மா ஓட்டை போட்டால் போதாது. காற்று கசியாமல் ஒட்ட வேண்டும். செய்த பிறகு டாக்டரிடமோ நர்சிடமோ காட்டிச் சரி பார்த்துக்கொள்வது நல்லது.

இரவில் இழுப்பு வந்தால்

முதலில் பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். படுக்க வைக்கக்கூடாது. சுற்றி நின்று கூச்சல் போடக்கூடாது. தாயின் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளை பயப்படுகிறது. தாயின் முகத்தைப் பார்த்துத்தான் தைரியமும் கொள்கிறது.

உடனே மூச்சைத் திறக்கும் மருந்தை, டாக்டர் எழுதிக் கொடுத்த கணக்குப்படி, குடுவை வழியாகக் கொடுக்க வேண்டும். ஆவி பிடிக்க வைப்பதால் மூச்சுக்குழாய் திறக்காது. கொதிக்கும் தண்ணீர் கவிழ்ந்து பிள்ளை வெந்துபோகும் ஆபத்துத்தான் உண்டு. மூக்கில் எண்ணெய் விடக்கூடாது.

கீழே உள்ள அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் காத்திருக்கக்கூடாது.

பிள்ளை ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறுவது.

கைக்குழந்தை பால் குடிக்க முடியாமல் தவிப்பது.

கழுத்துக் குழியும் விலா இடுக்கும் உள்ளே இழுப்பது.

உதடு நீலம் பாரிப்பது.

பிள்ளை சோர்ந்து மயங்குவது.

மருந்து கொடுத்தும் மூச்சு இறங்காமல் இருப்பது, அல்லது இறங்கிய சிறிது நேரத்தில் மறுபடியும் ஏறுவது.

இன்னொன்றும் உண்டு. இழுத்துக்கொண்டு இருந்த பிள்ளையின் நெஞ்சுச் சத்தம் திடீரென்று அடங்கி, பிள்ளையும் துவண்டு போனால், "சத்தம் நின்றுவிட்டது, தூங்குகிறான்" என்று நினைத்துவிடக்கூடாது. காற்றே போகாததால் சத்தம் நின்றிருக்கலாம். அது மிகப் பெரிய ஆபத்து.

தமிழ்நாட்டில் 108 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். கட்டணம் கிடையாது. 2008-ம் ஆண்டு முதல் இந்த வசதி இருக்கிறது. வழியில் போகும்போதும் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி நாட்கள்

பிள்ளையின் முகத்தில் பிராணவாயுக் குழாயை வைத்ததும் தாய் வாய்விட்டு அழுதுவிடுகிறாள். "ஆக்சிஜன் வைத்துவிட்டார்களே, இனி அவ்வளவுதானா?" என்று நினைக்கிறாள். அப்படி இல்லை. ரத்தத்தில் பிராணவாயு குறைந்தால், அதை ஈடு செய்யக் கொடுக்கிறார்கள். மூச்சுக்குழாய் திறந்ததும் எடுத்துவிடுவார்கள். விரலில் மாட்டும் சிறு கிளிப், பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவி. அது குத்தாது, வலிக்காது.

மருந்தைப் புகைபோல் ஆக்கி அனுப்பும் நெபுலைசர் மிஷின் உறுமும். சிறு பிள்ளைகள் அதைக் கண்டு மிரளுவார்கள். மடியில் வைத்துக்கொண்டு, முகமூடியை முதலில் பொம்மைக்கோ தாய்க்கோ வைத்துக் காட்டினால் பயம் தெளியும்.

பிள்ளையிடம் பொய் சொல்லக்கூடாது. "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லி ஊசி போட்டால், அடுத்த முறை தாயின் சொல்லைப் பிள்ளை நம்பாது. "எறும்பு கடிக்கிற மாதிரி வலிக்கும். அம்மா கையைப் பிடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். "சேட்டை செய்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று வீட்டில் மிரட்டுவதும் கூடாது. மிரட்டுகிற வீட்டுப் பிள்ளை, உதவி செய்யும் கையைக் கண்டே ஓடும்.

பிள்ளையின் அருகில் பெற்றவர் இருப்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதிதான். இதை மேல்நாட்டார் தாமதமாகத்தான் உணர்ந்தார்கள். இங்கிலாந்தில் ஒரு காலத்தில், ஆஸ்பத்திரியில் சேர்த்த பிள்ளையைப் பெற்றோர் குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே பார்க்கலாம். 1952-ம் ஆண்டு ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு படம் எடுத்தார். இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தி, தாயைப் பிரிந்து ஆஸ்பத்திரியில் 8 நாள் இருந்ததை அந்தப் படம் காட்டியது. அவள் அழுகையை அடக்கியதையும், நாளுக்கு நாள் வாடியதையும் டாக்டர்கள் கண்ணால் பார்த்தார்கள். 1959-ம் ஆண்டு பிளாட் கமிட்டி அறிக்கை வந்தது. பெற்றோர் தடை இல்லாமல் வந்து பார்க்க வேண்டும், சிறு பிள்ளையுடன் தாய் தங்க இடம் தர வேண்டும் என்று அது சொன்னது.

தமிழ்நாட்டில் பாயை விரித்துக்கொண்டு கட்டிலுக்கு அருகிலேயே கிடப்பவள் தாய். அந்த வழக்கம் நல்லது. ஆனால் அவளும் மனுஷிதான். மூன்று இரவு கண் மூடாத தாய்க்கு, டாக்டர் சொல்வது காதில் ஏறாது. தகப்பனோ சித்தியோ மாற்றி மாற்றி இருந்து, அவளை ஒரு வேளையாவது தூங்க விட வேண்டும். பார்க்க வருகிறவர்கள் பழம் வாங்கி வருவதைவிட, வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு போட்டால் அதுவே பெரிய உதவி. பீடி, சிகரெட் குடித்த கையோடு யாரும் கட்டிலுக்கு அருகில் வரக்கூடாது.

வீட்டுக்குத் திரும்பிய பிள்ளை சில நாள் முந்தானையை விடாமல் சுற்றும். இரவில் படுக்கையை நனைக்கும். திடுக்கிட்டு எழும். அடிக்கக்கூடாது. அது பிடிவாதம் அல்ல, பயம். அணைத்துக்கொண்டால் சில வாரத்தில் சரியாகும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் 5 கேள்வி

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது எல்லோருக்கும் அவசரம். பில் கட்ட வேண்டும், வண்டி பிடிக்க வேண்டும். ஆனால் அடுத்த இழுப்பைத் தடுக்கும் நேரமும் அதுதான். டாக்டரிடம் ஐந்து கேள்வி கேட்க வேண்டும்.

1. தினமும் போட வேண்டிய மருந்து எது? எத்தனை தடவை?

2. இழுப்பு வந்தால் போட வேண்டிய மருந்து எது? எத்தனை தடவை போட்ட பிறகு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்?

3. மாத்திரையோ டானிக்கோ எத்தனை நாளுக்கு?

4. நாங்கள் குப்பியைப் பிடிக்கும் முறை சரியா? செய்து காட்டுகிறோம், பார்க்கிறீர்களா?

5. திரும்பக் காட்ட வேண்டிய தேதி என்ன?

பதிலை ஒரு தாளில் தமிழில் எழுதித் தரச் சொல்லலாம். கேட்பதில் வெட்கம் இல்லை. அந்தத் தாளை அடுக்களைச் சுவரில் ஒட்டிவைத்தால், நடுநிசியில் யாருக்கும் குழப்பம் வராது. பிள்ளை நன்றாக இருந்தாலும், சொன்ன தேதியில் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

வீட்டுப் புகையும் வீண் பத்தியமும்

தகப்பன் திண்ணையில் உட்கார்ந்து விடும் பீடிப் புகை பிள்ளையின் நெஞ்சுக்குப் போகிறது. விறகுப் புகை, கொசுவர்த்திப் புகை, சாம்பிராணிப் புகை, போகிப் புகை, பட்டாசுப் புகை எல்லாம் மூச்சுக்குழாயை எரிச்சல் ஊட்டுபவை. கொசுவலை கட்டினால் கொசுவர்த்தி வேண்டாம். தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். பெருக்கும்போதும் ஒட்டடை அடிக்கும்போதும் பிள்ளையை வெளியே அனுப்பிவிடலாம்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் பிள்ளைகள் வீணாக வாடுகிறார்கள். வாழைப்பழம் கூடாது, தயிர் கூடாது, ஆரஞ்சு கூடாது, தலைக்குக் குளிக்கக்கூடாது என்று அடுக்குகிறார்கள். குறிப்பிட்ட ஒரு உணவு ஒரு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதைக் கவனித்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். எல்லாப் பழத்தையும் எல்லாப் பிள்ளைக்கும் நிறுத்தினால், நோயோடு மெலிவும் சேரும்.

ஆண்டுதோறும் மிருகசீரிஷ கார்த்தியின்போது ஐதராபாத்தில், மருந்து வைத்த உயிருள்ள விரால் குஞ்சை விழுங்கத் திரளாகக் கூடுகிறார்கள். அது ஆஸ்துமாவைத் தீர்க்கும் என்று ஆராய்ச்சி எதுவும் மெய்ப்பிக்கவில்லை. நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் எந்த நம்பிக்கைக்காகவும், பிள்ளைக்குக் கொடுத்துவரும் மருந்தை நிறுத்திவிடக்கூடாது.

மறைக்க வேண்டியது என்ன இருக்கிறது?

"மாசமாக இருக்கும்போது ஐஸ் தின்றாள், அதனால்தான்" என்று மருமகள் மேல் பழி போடும் வீடுகள் உண்டு. பழியைக் கேட்டு அழுகிற தாய், பிள்ளைக்கு மருந்து கொடுக்கவும் தயங்குவாள். ஆஸ்துமா பரம்பரையில் வரலாம். சுற்றுப்புறத்தாலும் வரலாம். ஐஸ் தின்றதால் வருவது இல்லை. யாரையும் குற்றம் சொல்லி மூச்சு இறங்காது.

பெண் பிள்ளை என்றால் இன்னொரு பயம். "வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள்?" என்று குப்பியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து அனுப்புவது இல்லை. வகுப்பில் இழுப்பு வந்தால் அவள் கதி என்ன? நாளைய கல்யாணத்துக்காக இன்றைய உயிரைப் பணயம் வைப்பதா?

அமெரிக்க ஓட்ட வீராங்கனை ஜாக்கி ஜாய்னர் கெர்சிக்கும் ஆஸ்துமாதான். கல்லூரியில் படிக்கும்போது தெரிந்தது. ஓட விடமாட்டார்களோ என்று பயந்து முதலில் மறைத்தார். மருந்தையும் ஒழுங்காக எடுக்கவில்லை. இழுப்பு அவரை விடவில்லை. பிறகுதான் மருந்தை மதித்தார். 1988-ம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில், ஏழு போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லானில் 7,291 புள்ளிகள் எடுத்து உலக சாதனை செய்தார்!

ஆகவே, இழுப்பு உள்ள பிள்ளையை ஓரத்தில் உட்கார வைக்க வேண்டியதில்லை. நோய் கட்டுக்குள் இருந்தால் ஓடலாம், நீந்தலாம், பந்து விளையாடலாம். வகுப்பு ஆசிரியரிடம் விவரம் சொல்லி, குப்பியையும் எழுதிய தாளையும் பையில் வைத்து அனுப்ப வேண்டும். ஆசிரியர்களும் "நடிக்கிறாயா?" என்று கேட்காமல், உட்கார வைத்து மருந்து எடுக்க விட வேண்டும்.

எல்லோருக்கும் பொறுப்பு உண்டு

2019-ம் ஆண்டில் உலகில் சுமார் 26 கோடிப் பேருக்கு ஆஸ்துமா இருந்தது, 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதே ஆண்டுக்கான இன்னொரு மதிப்பீடு இந்தியாவைப் பற்றிச் சொல்லுகிறது. உலகில் ஆஸ்துமா உள்ளவர்களில் 100-க்கு 13 பேர் இந்தியர். ஆனால் ஆஸ்துமாவால் இறப்பவர்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் இந்தியர்!

இறப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். ஆனாலும், இந்தக் கணக்கு ஒரு உண்மையைக் காட்டுகிறது. நோய் இருக்கும் இடத்துக்குத் தடுப்பு மருந்து ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சால்பூட்டமாலும் பூடசொனைடும் இருக்கின்றன. அரிசி பருப்பு போல எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் இவை. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட இந்த இரண்டும், குடுவையும் எந்த நாளும் கிடைக்க வேண்டும். நெபுலைசர் வைத்து அனுப்புவதோடு வேலை முடியவில்லை. வீட்டில் எப்படி மருந்து கொடுப்பது என்று தாய்க்குக் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடம் ஐந்து நாள் ஆஸ்பத்திரி வாசத்தை மிச்சப்படுத்தும். ஒரு கூலித் தொழிலாளிக்கு அது ஐந்து நாள் கூலி. பிள்ளைக்கு ஐந்து நாள் படிப்பு.

இழுப்பு உள்ள பிள்ளை தெருவில் விளையாடிக்கொண்டிருக்கலாம். நல்லது, விளையாடட்டும். பெற்றோர் அலமாரியின் மேல்தட்டைப் பார்க்கட்டும். அங்கே தடுப்பு மருந்துக் குப்பி தூசி படிந்து கிடந்தால், கீழே இறக்கித் துடைத்து, தேதி பார்த்து, நாளைக் காலையில் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போகட்டும்.

வெயில் அடிக்கிறது. கூரை வேய இதுதான் நேரம்.